மனுவா, வினாவா: மாணவர் பயிற்சிக்கு ஏற்றது சட்டமன்ற உறுப்பினர் அலுவலகமா, நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகமா?

மக்கள் பிரதிநிதி ஒருவரின் அலுவலகத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய விரும்பும் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவருக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. ஒன்று, சொந்தத் தொகுதியிலுள்ள சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம்; மற்றொன்று, நாடாளுமன்ற உறுப்பினரின் தில்லி அலுவலகம். இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று என்னிடம் கேட்கும் மாணவர்கள், அந்த உறுப்பினர் எவ்வளவு பிரபலமானவர், சான்றிதழில் எந்த முத்திரை இருக்கும், தில்லி என்ற பெயர் தன்விவரக் குறிப்பில் எவ்வளவு எடுப்பாகத் தெரியும் என்பவற்றையே முதலில் எண்ணிப் பார்க்கிறார்கள். இவை எவையும் பயிற்சியின் தரத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது இரண்டு இடங்களிலும் இருந்து பார்த்தவன் என்ற முறையில் என் உறுதியான கருத்து. கேட்க வேண்டிய முதல் கேள்வி, நாள்தோறும் உங்கள் மேசைக்கு எந்தக் காகிதம் வந்து சேரும் என்பதுதான். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் மனு வரும். தில்லியில் வினாவும் மசோதாவும் குழு அறிக்கையும் வரும். மனுவைக் கையாளக் கற்றுக்கொள்வதும் வினாவை எழுதக் கற்றுக்கொள்வதும் வெவ்வேறு படிப்புகள். எதை முதலில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து மற்றொன்று நமக்குப் புரியும் விதமும் மாறிவிடுகிறது.

இளங்கலை படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் தொகுதி அலுவலகத்திலும், பட்டம் பெற்றபின் தில்லியில் மக்களவை உறுப்பினர் ஒருவரிடமும் நான் வேலை செய்திருக்கிறேன். இருவரின் பெயரும் கட்சியும் இந்த ஒப்பீட்டுக்குத் தேவையில்லை. தேவையானது, அந்த அலுவலகங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பது.

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் 234 தொகுதிகள் இருக்கின்றன. தொகுதிதோறும் உறுப்பினருக்கென அரசு கட்டிக் கொடுத்த அலுவலகக் கட்டடத்தைப் பெரும்பாலான ஊர்களில் காணலாம். உறுப்பினர் ஊரில் இருக்கும் நாள்களில் காலையிலேயே வாசலில் கூட்டம் கூடிவிடும். முதியோர் ஓய்வூதியம் நின்றுபோனவர், பட்டா மாறுதலுக்கு அலைபவர், தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கேட்பவர், மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவர், மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்ப உறுப்பினரின் பெயர் விடுபட்டவர், நிறுத்தப்பட்ட நகரப் பேருந்தை மீண்டும் விடக் கோரும் கிராமத்தார் என்று வருபவர்களின் தேவைகள் பலவகைப்பட்டவை. மனுவை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றி, உறுப்பினரின் லெட்டர்பேடில் பரிந்துரைக் கடிதம் தயாரித்து, உரிய அதிகாரிக்கு அனுப்பி, சில வாரங்கள் கழித்து என்ன ஆயிற்று என்று தொலைபேசியில் கேட்பதுதான் அந்த அலுவலகத்தின் அன்றாடப் பணி. பயிற்சிக்கு வரும் மாணவருக்கு முதல் நாளே கிடைக்கும் வேலையும் அதுதான்.

இதை எழுத்தர் வேலை என்று ஒதுக்குபவர்கள் ஒரு மனுவின் உள்ளே போய்ப் பார்த்ததில்லை என்றே சொல்வேன். எடுத்துக்காட்டாக, பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் வீட்டுக்குப் பட்டா வேண்டும் என்று ஒரு முதியவர் மனுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மனு எழுதிக் கொடுப்பவர் வழக்கமான நடையில், தங்கள் மேலான சமூகத்திற்குத் தாழ்மையுடன் சமர்ப்பிப்பதாகத் தொடங்கி, குடும்பத்தின் வறுமையை ஒரு பக்கத்துக்கு விவரித்திருப்பார். புல எண் மட்டும் அதில் இருக்காது. வட்டாட்சியருக்குப் பரிந்துரைக் கடிதம் தயாரித்து நான் நீட்டிய முதல் முறை, அந்த அலுவலகத்தில் நெடுநாள் இருந்த உதவியாளர் அண்ணன் அதைப் படிக்காமலேயே, ‘தம்பி, சர்வே நம்பர் எங்கே?’ என்று கேட்டார். புல எண்ணை வாங்கி, கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள, நிலங்களின் வகையைக் காட்டும் அ-பதிவேட்டைப் பார்த்தால்தான் அந்த நிலம் குடியிருப்புக்கான கிராம நத்தமா, நீர்நிலைப் புறம்போக்கா, தனியார் நிலத்தின் உட்பிரிவா என்பது தெரியும். நத்தமாக இருந்தால் பட்டாவுக்கு வழி இருக்கிறது. ஏரிப் புறம்போக்காக இருந்தால், 2007ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் நீர்நிலைகள் குறித்த நீதிமன்ற உத்தரவுகளும் குறுக்கே நிற்கும். உறுப்பினர் எத்தனை கடிதம் கொடுத்தாலும் அந்த இடத்துக்குப் பட்டா கிடைக்காது, மாற்று இடத்தில் வீட்டுமனை கேட்பதே பயன் தரும். ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு மனுக்களுக்கு இரண்டு வேறு கடிதங்கள் எழுத வேண்டும் என்பதையும், தவறான கடிதம் அந்த முதியவரை மேலும் ஓராண்டு வீணாகக் காத்திருக்க வைக்கும் என்பதையும் வகுப்பறையில் யாரும் சொல்லித் தருவதில்லை. நிருவாகச் சட்டம் என்ற பாடம் உண்மையில் எதைப் பற்றியது என்று எனக்கு விளங்கியது அந்தப் பதிவேட்டின் முன்தான்.

இந்த அலுவலகத்தில் இருக்கும்போதே மாவட்ட ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தையும் ஒருமுறை சென்று பார்த்துவிடுவது நல்லது. அங்கே கொடுக்கப்படும் மனுவும் உறுப்பினரிடம் வரும் மனுவும் பல நேரங்களில் ஒன்றேதான். ஒரே மனிதர் இரண்டு இடத்திலும் நிற்கிறார். உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் எந்தப் பணியைப் பரிந்துரைக்கலாம், எதைக் கூடாது என்பதும், அந்தப் பணத்தை உறுப்பினர் கையாள்வதில்லை, அவர் பரிந்துரைப்பதோடு சரி, ஒப்புதலும் செலவும் மாவட்ட நிருவாகத்தின் பொறுப்பு என்பதும் இங்கே விரைவில் புரிந்துவிடும்.

சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தின் குறை, அங்கே சட்டமியற்றும் பணி மிகக் குறைவாகவே கண்ணில் படும் என்பதாகும். தமிழ்நாடு சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டையில் கூடும் நாள்கள் ஆண்டின் சிறு பகுதிதான். அந்த நாள்களிலும் உறுப்பினரின் முக்கியமான வாய்ப்பு, ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அவையின் ஒப்புதலைக் கேட்கும் மானியக் கோரிக்கை மீது துறை வாரியாக நடக்கும் விவாதத்தில் பேசுவது. சட்டமுன்வடிவுகளில் பெரும்பாலானவை குழு ஆய்வுக்குப் போகாமலேயே நிறைவேறிவிடுகின்றன. ஆனாலும் ஊக்கமுள்ள மாணவருக்கு இங்கேயும் ஒரு நல்ல வேலை கிடைக்கும். மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் வெளியிடும் கொள்கை விளக்கக் குறிப்பைப் படித்து, தொகுதியில் வந்த மனுக்களோடு ஒப்பிட்டு, உறுப்பினர் பேசுவதற்கு ஒரு பக்கக் குறிப்புத் தயாரித்துக் கொடுக்கலாம். பெரும்பாலான அலுவலகங்களில் இதைச் செய்ய ஆள் இல்லை. ஆகவே மாணவர் தாமாக முன்வந்து கேட்டால் மறுப்பவர்களும் இல்லை. கோடையில் பதிவேட்டில் ஏற்றிய மனுக்களைத் துறை வாரியாகப் பிரித்து, எந்த ஊராட்சியிலிருந்து எந்தக் கோரிக்கை திரும்பத் திரும்ப வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டாலே அது பேச்சுக்கு உரிய பொருளாகிவிடும்.

தில்லிக்கு வருவோம். அங்கே காட்சி வேறு. தமிழ்நாட்டிலிருந்து மக்களவைக்கு 39 பேரும் மாநிலங்களவைக்கு 18 பேரும் செல்கிறார்கள். மக்களவைத் தொகுதி ஒவ்வொன்றும் ஆறு சட்டமன்றத் தொகுதிகளை உள்ளடக்கியது. ஆனால் அத்தனை ஊர்களின் இரைச்சலும் தில்லி அலுவலகத்துக்கு வடிகட்டப்பட்டே வந்து சேர்கிறது. கூட்டத்தொடர் நாள்களில் காலையில் அன்றைய அலுவல் பட்டியலைப் பார்ப்பது, கேள்வி நேரத்துக்கு உறுப்பினர் துணைக் கேள்வி கேட்கக்கூடிய பொருள் எது என்று குறிப்பது, அவசரப் பொருள்களை எழுப்பும் பூச்சிய நேரத்துக்கோ, தொகுதிப் பிரச்சினை போன்றவற்றை அவையின் கவனத்துக்குக் கொண்டுவர வழிசெய்யும் மக்களவை விதி 377இன் கீழோ எழுப்ப வேண்டிய பொருளை எழுதித் தருவது, விவாதத்துக்கு வரும் மசோதாவைப் படித்துச் சுருக்குவது, அமைச்சகங்களின் பணியை ஆராயும் உறுப்பினர் குழுவான நிலைக்குழுவின் கூட்டத்துக்கு முன் அமைச்சகத்தின் ஆவணங்களிலிருந்து எண்களைத் திரட்டுவது என்று வேலை முழுவதும் எழுத்திலும் படிப்பிலும் நகரும். துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24 இருக்கின்றன. உறுப்பினர் எந்தக் குழுவில் இருக்கிறாரோ அதுவே பயிற்சி மாணவரின் ஓராண்டுக்கான பாடமாகிவிடும் என்பதால், விண்ணப்பிக்கும் முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

வினா எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தில்லிப் பயிற்சியின் சாரமே அதில் இருக்கிறது. மக்களவையில் ஒரு நாளைக்கு, அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் குறியிட்ட வினாக்கள் 20, எழுத்தில் பதில் தரப்படும் குறியிடாதவை 230 என்ற அளவிலேயே பட்டியலிடப்படும். உறுப்பினர்கள் கொடுக்கும் அறிவிப்புகளோ அதைவிட மிகப் பல. குலுக்கலில் பெயர் வந்தால்தான் வினா முன்னுரிமை பெறும். குறைந்தது 15 நாளுக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். வினா வழக்கமாக 150 சொற்களுக்கு மேல் போகக் கூடாது. வாதமோ ஊகமோ குற்றச்சாட்டோ அதில் இருக்கக் கூடாது. அமைச்சரின் கருத்தைக் கேட்கக் கூடாது. இந்த விதிகளுக்குள் நின்று எழுதும்போதுதான், நாம் வழக்கமாகக் கேள்வி என்று நினைத்துக்கொண்டிருப்பவற்றில் பாதி புலம்பல் என்பது தெரியவரும். ‘ரயில்வே மேம்பாலம் ஏன் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை?’ என்று கேட்டால், பணிகள் முன்னேற்றத்தில் உள்ளன என்ற ஒற்றை வரி பதிலாக வரும். அதையே, (அ) பணிக்கு ஒப்புதல் அளிக்கப்பட்ட ஆண்டும் மதிப்பீட்டுத் தொகையும் என்ன, (ஆ) இதுவரை ஆண்டு வாரியாக ஒதுக்கியதும் செலவிட்டதும் எவ்வளவு, (இ) நிலம் எடுப்பில் மாநில அரசிடமும் ரயில்வேயிடமும் தனித்தனியே நிலுவையில் உள்ளவை யாவை என்று பிரித்துக் கேட்டால் தப்புவதற்கு இடம் குறைகிறது. தகவல் திரட்டப்பட்டு வருகிறது, பின்னர் அவையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் அதை நிறைவேற்ற வேண்டும் என்ற நெறியும், அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழுவும் உண்டு. இவ்வளவையும் அறிந்து ஒரு வினாவை எழுதி, அது பட்டியலில் வந்து, பதில் அச்சாகி வெளிவருவதைப் பார்க்கும் மாணவருக்கு அரசு என்ற அமைப்பிடம் பேசும் முறை பிடிபட்டுவிடும்.

தில்லியின் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். மசோதா ஒன்றைப் பல நாள் படித்து, அதன் குறைகளை எடுத்துக்காட்டி மாணவர் எழுதிக் கொடுக்கும் குறிப்பு உறுப்பினரின் பேச்சை மாற்றலாம். வாக்கை மாற்றுவது அரிது. 1985இல் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தம் கொண்டுவந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் சொல்லும் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்கக்கூடும். இது தெரியாமல் போகும் மாணவர்கள் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவும் அப்படித்தான். விடுதலைக்குப் பின் இதுவரை 14 தனிநபர் மசோதாக்களே சட்டமாகியிருக்கின்றன, கடைசியானது 1970இல். ஆனால் சட்டமாகாத மசோதாவுக்கும் பயன் உண்டு என்பதற்கு நம் மாநிலத்திலிருந்தே சான்று இருக்கிறது. தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது சட்டமாகவில்லையென்றாலும், அந்தப் பொருளை இனி தள்ளிப்போட முடியாது என்ற நிலையை அது உண்டாக்கியது. ஒரு தனிநபர் மசோதாவுக்கு வரைவு எழுத உதவும் மாணவர் இந்த எதிர்பார்ப்போடு எழுதினால் போதும்.

இரண்டு படிப்புகளும் எங்கே சந்திக்கின்றன என்பதை முதியோர் ஓய்வூதியத்தை வைத்துக் காட்டலாம். தொகுதி அலுவலகத்தில் அந்த ஓய்வூதியம் நின்றுபோன மனுவாக வருகிறது: ஆதாரில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறு முன்னெழுத்து, அல்லது மகனுக்கு வேலை இருப்பதாக யாரோ எழுதிய அறிக்கை. மாணவர் அதைச் சரிசெய்ய வட்டாட்சியர் அலுவலகத்தின் சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவுக்கு நடக்கிறார். 2023 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் இந்த ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது என்பதை அங்கே எல்லோரும் அறிவார்கள். தில்லிக்குப் போனால் அதே ஓய்வூதியம் ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையில் ஓர் இனமாக இருக்கிறது. இந்திரா காந்தி தேசிய முதியோர் ஓய்வூதியத் திட்டத்தின் கீழ் வருபவர்களுக்கு, 60 முதல் 79 வயது வரை ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய், 80க்கு மேல் 500 ரூபாய் என்பதும், நெடுங்காலமாக உயராத இந்தத் தொகையை உயர்த்துமாறு ஊரக வளர்ச்சிக்கான நிலைக்குழு பலமுறை பரிந்துரைத்திருக்கிறது என்பதும் அங்கேதான் தெரியவரும். மனுவைப் பார்த்துவிட்டு இந்த 200 ரூபாயைப் பார்ப்பவர் எழுதும் வினாவும், மனுவையே பார்க்காதவர் எழுதும் வினாவும் ஒன்றாக இருக்காது. முதலாமவர் தொகையோடு நிற்காமல், தகுதி நீக்கம் செய்யப்பட்டவர்கள் எத்தனை பேர், எந்தக் காரணத்தால், முறையீட்டுக்கு என்ன வழி என்றும் கேட்பார். தொகுதி அலுவலகத்துக்கு முதலில் போங்கள், தில்லிக்குப் பிறகு போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் என்னிடம் இல்லை.

நடைமுறைக் காரணம் ஒன்றும் இருக்கிறது, அது நாள்காட்டி. கல்லூரி மாணவருக்கு நீண்ட விடுமுறை கிடைப்பது மே, ஜூன் மாதங்களில். நிதிநிலைக் கூட்டத்தொடர் பெரும்பாலும் ஏப்ரலுக்குள் முடிந்துவிடும், மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலைவாக்கில்தான் தொடங்கும். குளிர்காலக் கூட்டத்தொடரோ நவம்பர், டிசம்பர் பருவத் தேர்வுகளோடு மோதும். ஆகவே கோடையில் தில்லிக்குப் போகும் மாணவர், உறுப்பினர் தொகுதிக்குத் திரும்பியிருக்க, ஆளில்லாத அலுவலகத்தில் பழைய பேச்சுகளைத் தொகுத்துக்கொண்டிருக்க நேரும். 2019 முதல் 2024 வரை இருந்த 17ஆவது மக்களவையே ஐந்தாண்டில் மொத்தம் 274 நாள்கள்தாம் கூடியது என்பதை நினைத்தால், கூட்டத்தொடருக்கு வெளியே தில்லியில் போய் நிற்பதன் பயன் எவ்வளவு என்பது விளங்கும். தொகுதி அலுவலகத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆண்டு முழுவதும் மனு வந்துகொண்டே இருக்கும். ஒரே விலக்கு, தேர்தல். தேர்தல் அறிவிக்கப்பட்டு நன்னடத்தை விதிகள் நடைமுறைக்கு வந்ததும் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகங்கள் பூட்டப்பட்டு முத்திரையிடப்படும். அந்த மாதங்களைப் பயிற்சிக்குக் குறித்துக்கொண்டவர் வேறு இடம் தேட வேண்டியதுதான்.

கோடையில் நாடாளுமன்றப் பணியைத்தான் பார்க்க வேண்டும் என்று விரும்புபவர்களுக்கு, நாடாளுமன்ற உறுப்பினரின் தொகுதி அலுவலகம் ஓரளவுக்குப் பொருந்தும். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி, ரயில் நிறுத்தம், தேசிய நெடுஞ்சாலை, கடவுச்சீட்டு, பிரதமர் நிவாரண நிதியிலிருந்து மருத்துவ உதவி ஆகியவை அங்கே வரும் பொருள்கள். கேந்திரிய வித்யாலயா சேர்க்கைக்கு உறுப்பினர்களுக்கு இருந்த ஒதுக்கீடு 2022இல் நீக்கப்பட்டதால், பரிந்துரை கேட்டு வரும் பெற்றோர் கூட்டமும் குறைந்துவிட்டது. மாணவர் கேட்டு வாங்க வேண்டிய வேலை, திஷா எனப்படும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழுக் கூட்டத்துக்கான முன்தயாரிப்பு. உறுப்பினர் தலைமை வகிக்கும் அந்தக் கூட்டத்தில் ஒன்றியத் திட்டங்கள் அனைத்தும் மாவட்ட அளவில் ஆராயப்படுகின்றன.

ஓராண்டு முழுவதையும் தில்லிக்குக் கொடுக்க முடிந்தவர்களுக்கு, பி.ஆர்.எஸ். சட்டமன்ற ஆய்வு நிறுவனம் 2010 முதல் நடத்திவரும் லேம்ப் என்ற திட்டம் இருக்கிறது. 25 வயதுக்கு உட்பட்ட பட்டதாரிகள் தேர்ந்தெடுக்கப்பட்டு, மழைக்காலக் கூட்டத்தொடர் முதல் அடுத்த ஆண்டின் நிதிநிலைக் கூட்டத்தொடர் முடியும்வரை ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் முழுநேரமாக வேலை செய்கிறார்கள். மாத உதவித்தொகை உண்டு. எந்தத் துறைப் பட்டமாக இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். இறுதியாண்டில் இருப்பவர்கள் இதற்காகக் காத்திருப்பது, இரண்டாம் ஆண்டிலேயே அவசரப்பட்டுச் சில வாரங்களுக்குத் தில்லிக்குப் போவதைவிடச் சிறந்தது. தமிழ் நன்றாகத் தெரிந்த மாணவர்களுக்கு அங்கே கூடுதல் மதிப்பு உண்டு என்பதையும் சொல்ல விரும்புகிறேன். தமிழில் வந்த மனுவின் பொருள் சிதையாமல் ஒன்றிய அமைச்சருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் தில்லி அலுவலகங்களில் எளிதில் கிடைப்பதில்லை.

பணத்தைப் பற்றிப் பேசாமல் எந்த ஒப்பீடும் நேர்மையாகாது. லேம்ப் போன்ற திட்டங்களை விட்டுவிட்டால், இந்தப் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஊதியம் இல்லை. தில்லியில் தங்கிச் சாப்பிட வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளே மறுபடி மறுபடி அங்கே போகிறார்கள்; கிராமத்திலிருந்து அரசுக் கல்லூரிக்கு வந்து, வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப்போகும் மாணவர் அதை எண்ணிப் பார்ப்பதுகூட இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் மனுவைப் புரிந்துகொள்ளும் திறன் அந்த மாணவரிடம்தான் இயல்பாக இருக்கிறது. ஓய்வூதியம் நின்றுபோன பாட்டி அவருடைய வீட்டிலேயே இருக்கக்கூடும். சொந்த ஊரிலிருந்தே பேருந்தில் போய்வரக்கூடிய சட்டமன்ற உறுப்பினர் அலுவலகம் இவர்களுக்குக் குறைந்த தேர்வு என்று யாரும் எண்ண வேண்டாம்; என் மதிப்பீட்டில் அதுவே முதல் தேர்வு. அங்கே பெரும்பாலும் திட்டமும் கிடையாது, விண்ணப்பப் படிவமும் கிடையாது. துறைத் தலைவரின் கடிதத்தோடு நேரில் போய், எந்த நாள் முதல் எந்த நாள் வரை வருவேன், மனுப் பதிவேட்டையும் மானியக் கோரிக்கைக் குறிப்பையும் பார்த்துக்கொள்கிறேன் என்று தெளிவாகச் சொன்னால் போதும். வேலையை வரையறுத்துக்கொள்ளாமல் போனால், வரவேற்பறையில் உட்காரவைத்து விழா அழைப்பிதழ்களுக்கு முகவரி எழுதச் சொல்வார்கள்.

ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா என்ற கேள்விக்கும் இங்கே இடமுண்டு. ஆளுங்கட்சி உறுப்பினரின் கடிதத்துக்கு அதிகாரிகள் விரைந்து பதில் சொல்வார்கள், எனவே மனு எவ்வாறு தீர்கிறது என்பதை முடிவுவரை பின்தொடர முடியும். எதிர்க்கட்சி உறுப்பினரிடம் வினா, மானியக் கோரிக்கைத் தொகையைக் குறைக்கக் கோரும் வெட்டுத் தீர்மானம், அவசரப் பொருளுக்கு அமைச்சரின் கவனத்தை ஈர்க்கும் கவன ஈர்ப்புத் தீர்மானம் ஆகியவற்றுக்கே அதிகத் தேவை. ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவருக்கு அதுவே உகந்தது. கட்சி முத்திரை விழுந்துவிடுமோ என்று அஞ்சும் மாணவர்கள், அலுவலக வேலைக்கும் கட்சி வேலைக்கும் இடையே முதல் நாளே கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் உறுப்பினரின் சமூக ஊடகப் பக்கத்தில் எதிரணியைத் திட்டி எழுதுவதும் பயிற்சியில் சேராது. அதே போல், மனுக்களில் உள்ள ஆதார் எண், வங்கிக் கணக்கு, நோய் விவரம் எதுவும் கல்லூரிக்குக் கொடுக்கும் அறிக்கையில் இடம்பெறக் கூடாது.

மாணவிகளுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு வகை அலுவலகங்களிலும் பெரும்பாலும் ஆண்களே இருக்கிறார்கள். நேரம் கணக்கில்லாமல் நீளும். கள ஆய்வுக்குக் கட்சிக்காரர்களோடு காரில் போக வேண்டிவரும். அங்கே ஏற்கெனவே பணிபுரியும் பெண் ஒருவரிடம் பேசிவிட்டுச் சேருவதே முறை. பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வருபவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் உள்ள அலுவலகத்தில் உள்ளகக் குழு இருக்காது; அப்போது மாவட்ட அளவில் அமைக்கப்படும் உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். இது பல கல்லூரிகளுக்கே தெரியவில்லை.

சட்டக் கல்லூரி மாணவர்களுக்கு இந்தத் தேர்வு சற்று எளிது, ஏனென்றால் வரிசையை விதியே அமைத்துத் தருகிறது. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்பில் 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்பில் 12 வாரமும் பயிற்சி பெற வேண்டும். சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் அதற்கு ஏற்கப்பட்ட இடங்கள். ஆனால் எந்த ஆண்டிலும் தொடர்ந்து நான்கு வாரத்துக்கு மேல் போகக் கூடாது, படிப்புக் காலத்துக்குள் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற, மேல்முறையீட்டு வழக்கறிஞர்களிடமும் இருந்தாக வேண்டும். நான்கு வாரத்தில் ஒரு வினாவுக்கு அறிவிப்புக் கொடுத்துப் பதில் வரும்வரை பார்ப்பதற்கு 15 நாள் விதியே பாதிக் காலத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஐந்தாண்டு மாணவர் இரண்டாம் ஆண்டுக் கோடையில் நான்கு வாரம் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும், நான்காம் ஆண்டில் தேர்வு அட்டவணை இடம் கொடுத்தால் மழைக்காலக் கூட்டத்தொடர் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பாகத் தில்லி சேர்ந்து மேலும் நான்கு வாரமும் இருக்கலாம். வினா அறிவிப்புகள் கொடுக்கப்படுவது கூட்டத்தொடருக்கு முந்தைய அந்த வாரங்களில்தான். தில்லிக்குப் போகும்போது, இரண்டாம் ஆண்டில் பதிவேட்டில் ஏற்றிய மனுக்களின் துறை வாரிப் பட்டியலை, பெயர்களை நீக்கிவிட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும்.